புறக்கடைக் கோழியைக் காப்பாற்ற இதுவே நேரம்

தமிழகத்தின் ஊர்கள் ஒவ்வொன்றாக நகரத்துக்குள் போய்க்கொண்டிருக்கின்றன. 2011-இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது 42 உள்ளாட்சி அமைப்புகள் அதற்குள் அடங்கின. 2019-இல் ஆவடி, ஓசூர், நாகர்கோவில்; 2021-இல் தாம்பரம், காஞ்சிபுரம், கும்பகோணம், கரூர், கடலூர், சிவகாசி; 2024-இல் புதுக்கோட்டை, திருவண்ணாமலை, காரைக்குடி, நாமக்கல் என மாநகராட்சிகளின் பட்டியல் நீண்டுவிட்டது. நாட்டுக்கே முட்டை அனுப்பும் நாமக்கல்லே இன்று மாநகராட்சிதான். ஓர் ஊராட்சி நகரத்தோடு சேரும்போது வீட்டு வரி ஏறுமே என்று மக்கள் கவலைப்படுகிறார்கள். நூறு நாள் வேலை போய்விடுமே என்று மறியல் செய்கிறார்கள். கொல்லைப்புறத்தில் மேயும் கோழி என்ன ஆகும் என்று எவரும் கேட்பதில்லை. கேட்காமலே விட்டால் இன்னும் சில ஆண்டுகளில் நகர எல்லைக்குள் நாட்டுக்கோழி என்பது இறைச்சிக் கடைக் கூண்டில் மட்டும் பார்க்கக் கிடைப்பதாகிவிடும்.

இது நடக்கும் விதம் எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். பக்கத்துக் காலி மனை விற்கிறது. அங்கே மூன்று மாடி வீடு எழும்புகிறது. முப்பது ஆண்டுகளாக யாருக்கும் தொந்தரவாக இல்லாத கோழிக்கூடு, இப்போது ஒருவருடைய படுக்கையறைச் சன்னலுக்கு நேர் கீழே இருக்கிறது. முதலில் முகம் சுளிப்பு, பிறகு வாக்குவாதம், அதன் பிறகு மனு. வார்டு கவுன்சிலரிடம் ஒன்று, திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியரிடம் ஒன்று, 1100 எண்ணில் ஒரு புகார். மேலிருந்து வந்த மனுவுக்குப் பதில் எழுதியாக வேண்டும் என்பதால் சுகாதார ஆய்வாளர் ஒருநாள் வாசலில் வந்து நிற்கிறார். “கோழியை எடுத்துருங்கம்மா, மேல பதில் சொல்லணும்” என்கிறார். எந்த விதிப்படி என்று கேட்க அந்த அம்மாவுக்குத் தெரியாது. கேட்டாலும் சொல்ல அவரிடம் தெளிவான விதி இராது. அந்த வாரமே கோழிகள் வியாபாரியின் கூடைக்குப் போய்விடுகின்றன. மனு ‘தீர்வு காணப்பட்டது’ என்று கோப்பில் முடிகிறது.

கோளாறு இங்கேதான். சட்டத்தின் கண்ணுக்கு ‘பண்ணை’ தெரிகிறது, ‘பொதுத் தொல்லை’ தெரிகிறது. ஐயாயிரம் பறவைகளுக்கு மேல் வளர்க்கும் பண்ணைக்கு மாசுக்கட்டுப்பாட்டு நெறிமுறைகள் இருக்கின்றன. நில உபயோக வரைபடத்தில் கோழிப்பண்ணைக்கு விவசாய மண்டலம் இருக்கிறது. பொதுத் தொல்லை என்று வந்தால் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு இருந்தது. அதன் இடத்தில் இப்போது புதிய சட்டத்தின் 152-ஆம் பிரிவு இருக்கிறது. ஒரு வீட்டுக் கொல்லையில் ஆறு பெட்டையும் ஒரு சேவலும் எந்த நிபந்தனையோடு இருக்கலாம் என்று ஒரு சாதாரணக் குடும்பம் படித்துத் தெரிந்துகொள்ளும்படியான ஒரு பக்கத் தாள் மட்டும் நம் நகராட்சி அலுவலகங்களில் கிடைப்பதில்லை. நாய் வளர்க்க உரிமம் உண்டு, அதற்கு விண்ணப்பம் உண்டு, கட்டணம் உண்டு. வீட்டு நாயை ஒட்டுமொத்தமாகத் தடைசெய்யக் குடியிருப்போர் சங்கத்துக்கு அதிகாரமில்லை என்று விலங்கு நல வாரியம் 2015-லேயே சுற்றறிக்கை விட்டது. கோழிக்காகப் பேச அப்படி ஒரு வரி கிடையாது. விதி இல்லாத இடத்தில் யார் குரல் ஓங்கியிருக்கிறதோ அவர் சொல்வதே விதியாகிறது. அந்தக் குரல் எப்போதும் மாடி வீட்டிலிருந்துதான் வருகிறது.

வெளிப்படையாகவே சொல்வோம். எல்லாப் புகாரும் சத்தத்தைப் பற்றியதோ நாற்றத்தைப் பற்றியதோ அல்ல. புதிதாக மனை வாங்கி வந்தவர்களுக்குத் தங்கள் தெரு ‘டீசன்ட்’ ஆக இருக்க வேண்டும் என்ற ஆசை. ஆடும் கோழியும் எருக்குழியும் வைத்திருக்கும் பழைய குடும்பங்கள் அந்தப் படத்தில் பொருந்தவில்லை. ஊரின் மூத்த குடிகளே தங்கள் ஊரில் விருந்தாளிகள்போல நடத்தப்படுகிறார்கள். இதை ஒரு நகராட்சி கண்டும் காணாமல் இருப்பது நியாயமாகாது.

யார் வீட்டுக் கோழி இது என்று பார்த்தால் பெரும்பாலும் பெண்களுடையது. கணவனை இழந்தவர்கள், வேலைக்குப் போக முடியாத வயதானவர்கள், கைக்குழந்தையோடு வீட்டில் இருப்பவர்கள். நாட்டுப் பெட்டை ஆண்டுக்கு அறுபது, எழுபது முட்டைதான் இடும். பண்ணைக் கோழி முந்நூறுக்கு மேல் இடும். கணக்குப் பார்ப்பவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். ஆனால் அந்தப் பெட்டைக்குத் தீவனம் வாங்கவேண்டியதில்லை; சிந்திய நொய்யும் சோற்றுப் பருக்கையும் புழு பூச்சியும் கரையானும் போதும். அது இடும் முட்டை பண்ணை முட்டையைப்போல இரண்டு மடங்குக்கு மேல் விலை போகும். ஒரு கூடையில் மணலும் சாம்பலும் பரப்பி, பதின்மூன்று முட்டை அடுக்கி, இடிக்குக் கெட்டுப்போகாது என்ற நம்பிக்கையில் ஓர் இரும்புத் துண்டும் கரித்துண்டும் வரமிளகாயும் ஓரத்தில் செருகி அடை வைத்தால் இருபத்தோராம் நாள் குஞ்சு பொரிந்துவிடும். மின்சாரம் வேண்டாம், பொரிப்பான் வேண்டாம். பருந்துக்கும் பூனைக்கும் போக நான்கைந்து தேறினால்கூடப் பள்ளிக்கூடம் திறக்கும் மாதத்தில் நோட்டுப் புத்தகம் வாங்க இரண்டு கோழியை விற்கலாம். யாரிடமும் கைநீட்டாமல் புரட்டக்கூடிய பணம் இது. கணவனிடமோ மகனிடமோ கணக்குச் சொல்லத் தேவையில்லாத பணம். அதனால்தான் கோழியை எடு என்று சொல்லும்போது அந்தப் பெண்கள் அப்படி உடைந்துபோகிறார்கள்.

இந்த அருமை அரசுக்குத் தெரியாமல் இல்லை. கிராமப்புற ஏழைப் பெண்களுக்கு நாட்டுக்கோழிக் குஞ்சு கொடுக்கும் திட்டங்களைத் தமிழக அரசு நடத்தியிருக்கிறது. கொல்லைப்புறத்தில் வளர்ப்பதற்கென்றே நந்தனம், நாமக்கல் என்ற பெயர்களில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் கோழி ரகங்களை உருவாக்கியிருக்கிறது. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் நாட்டின் புறக்கடைக் கோழிகள் 31.7 கோடி, முந்தைய கணக்கெடுப்பைவிட 45.8 விழுக்காடு கூடுதல். அதே காலத்தில் பண்ணைக் கோழி கூடியது 4.5 விழுக்காடுதான். எல்லா வகையும் சேர்த்து 12 கோடிப் பறவைகளோடு தமிழகமே நாட்டில் முதலிடம். இவ்வளவு இருந்தும், கால்நடைத் துறை குஞ்சு கொடுத்த அதே ஊராட்சி நகராட்சியோடு சேர்ந்த மறுநாள் அந்தக் குஞ்சுகள் வளர்ந்து நிற்கும் கொல்லை ‘குடியிருப்புப் பகுதி’ ஆகிவிடுகிறது. ஒரு துறை கொடுப்பதை இன்னொரு துறை வாசலில் வந்து எடுக்கச் சொல்கிறது. இரண்டு துறைகளும் உட்கார்ந்து பேசியிருந்தால் இந்த நிலை வந்திருக்காது.

புகார் கொடுப்பவர்களின் பக்கத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலியளவு 45 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது. சேவல் விடியும்வரை காத்திருப்பதில்லை. மூன்றரை, நான்கு மணிக்கே தொடங்கிவிடும். அது வெளிச்சத்தைப் பார்த்து மட்டும் கூவுவதில்லை, உடம்புக்குள் இருக்கும் கடிகாரத்தின்படி கூவுகிறது என்று ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் காட்டினார்கள். விளக்கு வெளிச்சமும் பிற சேவலின் குரலும் அதைத் தூண்டுவதும் உண்டு. தெருவிளக்கும் வண்டி வெளிச்சமும் இரவெல்லாம் விழும் நகரத் தெருவில் சேவல் நேரங்கெட்ட நேரத்தில் கூவுவதில் ஆச்சரியமில்லை. ஒரகடத்தில் இரவு ஷிப்டு முடித்து வந்து படுப்பவரும், பொதுத்தேர்வுக்குப் படித்துவிட்டு நள்ளிரவில் கண்மூடும் பிள்ளையும், தூக்கமே வராத முதியவரும் அந்தக் குரலோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. மழைக்காலத்தில் ஈரம் பட்ட எச்சத்திலிருந்து எழும் நெடி கண்ணை எரிக்கும். சிந்திய தீவனத்துக்குப் பெருச்சாளி வரும், முட்டைக்கும் எலிக்கும் பாம்பு வரும். இவற்றைச் சொல்பவரை ‘பட்டணத்துக்காரர்’ என்று ஏளனம் செய்வது தவறு. அவருக்கும் தன் வீட்டில் நிம்மதியாக இருக்க உரிமை உண்டு.

ஆனால் இந்தத் தொல்லைகளில் தீர்க்க முடியாதது எது? பெட்டைக்கோழி முட்டையிடச் சேவலே தேவையில்லை. குஞ்சு பொரிக்கத்தான் தேவை. அதற்கும் சேவல் ஆண்டு முழுவதும் கூடவே இருக்க வேண்டியதில்லை. சில நாள் சேவலோடு சேர்ந்த பெட்டை, பிரித்த பிறகும் பத்து நாள்வரை கருவுள்ள முட்டை இடும். நெருக்கமான தெருவில் பெட்டை மட்டும் இருக்கட்டும்; அடை வைக்கும் காலத்தில் ஊரோரத்துச் சேவலிடம் கொண்டுபோய் விடட்டும், அல்லது அடைமுட்டையை உறவுக்காரர் வீட்டிலிருந்து வாங்கி வரட்டும். நியூயார்க் நகரம் பல காலமாக இப்படித்தான் செய்கிறது. பெட்டை வளர்க்கலாம், சேவல் கூடாது. நெடிக்கு மருந்து காய்ந்த தரை. கடலைத் தோலோ உமியோ தேங்காய் நார்த் துகளோ நான்கு விரல் கனத்துக்குப் பரப்பி, வாரம் ஒருமுறை கிளறி, ஈரமான இடத்தில் சுண்ணாம்பு தூவினால் பக்கத்து வீட்டுக்கு வாடை போகாது. அள்ளிய எருவுக்கு மாடித்தோட்டம் வைத்திருப்பவர்களே வாடிக்கையாளர்கள். தீவனத்தை இரவில் எடுத்து மூடி வைத்தால் பெருச்சாளி வராது. இவ்வளவும் சாதாரண வீட்டு வேலை. இதைச் செய்யச் சொல்லவும், செய்தார்களா என்று பார்க்கவும் ஓர் ஏற்பாடு இல்லாததால்தான் ‘எடு’ என்ற ஒற்றைச் சொல்லில் எல்லாம் முடிகிறது.

நம்மை உண்மையில் பயமுறுத்துவது இதற்கு அடுத்த கட்டம். எடுக்கச் சொன்ன எல்லாரும் எடுத்துவிடுவதில்லை, ஒளித்து வைக்கிறார்கள். கொல்லையில் காற்றோட்டமாகத் திரிந்த கோழி மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னாலும், குளியலறைச் சந்திலும், பஞ்சாரத்துக்குள் பகலெல்லாம் கவிழ்த்த நிலையிலும் அடைபடுகிறது. நெருக்கத்தில் நோய் வரும். வந்தால் வெளியே சொல்ல முடியாது; சொன்னால் கோழி இருப்பது தெரிந்துவிடும்.

வெள்ளைக்கழிச்சல் என்று நம் பெண்கள் சொல்லும் ராணிக்கெட் நோய், வீட்டில் உள்ள எல்லாக் கோழியையும் ஒரு வாரத்தில் துடைத்துவிடக்கூடியது. தடுக்க வழி எளிது. குஞ்சு பொரிந்த ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு மருந்து, எட்டாவது வாரம் ஓர் ஊசி. கால்நடைப் பராமரிப்புத் துறை பிப்ரவரி மாதத்தில் இதற்கென்று முகாம் நடத்துகிறது. ஊசி போடத் தயங்குபவர்களுக்காகத் தீவனத்தோடு கொடுக்கும் குருணை வடிவத் தடுப்பு மருந்தையே நம் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் கண்டுபிடித்து வைத்திருக்கிறது. ஒளித்து வைத்த கோழியை எந்தப் பெண் முகாமுக்குக் கூடையில் தூக்கிக்கொண்டு வருவார்?

பறவைக் காய்ச்சல் இன்னும் பெரிய கவலை. 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் முதன்முதலாக இந்தியாவுக்குள் வந்த அந்த நோய், நமக்கு அடுத்த வீடான கேரளத்தின் ஆலப்புழைப் பகுதியில் 2014, 2016, 2021, 2024 எனத் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. நோய் கண்ட இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள வளர்ப்புப் பறவைகளை அழிப்பதும், பத்து கிலோமீட்டர் வரை கண்காணிப்பதும் நாட்டின் செயல்திட்டம். இழப்பீடு அழிக்கப்பட்ட பறவைக்குத்தான்; அதற்கு முன்பே நோயில் செத்ததற்கு இல்லை. ஆகவே முதல் கோழி சுருண்டு விழுந்த அன்றே தகவல் வர வேண்டும். எந்த வார்டில், எந்த வீட்டில், எத்தனை கோழி இருக்கிறது என்ற கணக்கே இல்லாத நகரத்தில் அப்படித் தகவல் எங்கிருந்து வரும்? கோழியைத் துரத்தினால் நகரம் சுத்தமாகும் என்று நினைப்பவர்கள், கண்ணுக்குத் தெரியும் கோழியைத்தான் துரத்துகிறார்கள். தெரியாத கோழிதான் ஆபத்தானது.

கேரளத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ள ஒரு நல்ல செய்தியும் உண்டு. 2025 தொடக்கத்தில் பத்தனம்திட்டை மாவட்டம் அடூரில் இதே வழக்கு வந்தது. அண்டை வீட்டுச் சேவல் அதிகாலை மூன்று மணிக்குக் கூவுவதால் தூங்க முடியவில்லை என்று ஒரு முதியவர் வருவாய்க் கோட்ட அலுவலரிடம் மனு கொடுத்தார். அலுவலர் இரு தரப்பையும் கேட்டார், இடத்தைப் பார்க்கச் செய்தார். கூடு மேல்மாடியில் இருந்தது. அதை மனையின் தென்பக்கத்துக்கு மாற்ற 14 நாள் அவகாசம் கொடுத்தார். கோழியை ஒழிக்கச் சொல்லவில்லை. மனுதாரரிடம் வீட்டுக்குப் போங்கள் என்றும் சொல்லவில்லை. பிரான்ஸில் ஒலெரோன் தீவின் மொரிஸ் என்ற சேவல் மீதான வழக்கில் 2019-இல் நீதிமன்றம் சேவலின் பக்கம் நின்றதும், 2021-இல் அந்நாடு கிராமப்புறத்தின் ஓசைகளுக்கும் வாசனைகளுக்கும் பாதுகாப்புச் சட்டம் இயற்றியதும் உலகறிந்தவை. அது கிராமத்துக்கான சட்டம். தாம்பரத்தின் முப்பதடித் தெருவுக்கு அப்படியே பொருந்தாது. நமக்கு வேண்டியது அடூரில் நடந்ததுபோன்ற பொறுமையான விசாரணை. ஆனால் அது ஒரு நல்ல அதிகாரியின் மனத்தை நம்பி இருக்கக் கூடாது, எழுதி வைத்த நடைமுறையாக இருக்க வேண்டும்.

நகராட்சி நிர்வாகத் துறை ஒரு மாதிரித் துணைவிதியைத் தயாரித்து எல்லா மாநகராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் பேரூராட்சிகளுக்கும் அனுப்பட்டும். வீட்டுத் தேவைக்கு வளர்க்கும் பத்துப் பெட்டை வரை உரிமமோ கட்டணமோ வேண்டாம், பதிவு மட்டும் போதும். ஒரு கிரவுண்டுக்குக் குறைந்த மனையில் சேவல் வேண்டாம். பெரிய மனையில் ஒன்று இருக்கலாம், இருட்டான கூட்டில் இரவு அடைக்கப்பட வேண்டும். அடுத்த வீட்டின் சன்னலுக்கும் கிணற்றுக்கும் கூட்டுக்கும் இடையே குறிப்பிட்ட இடைவெளி இருக்கட்டும். எத்தனை அடி என்பதை அந்தந்த ஊரின் மனை அளவைப் பார்த்து மன்றமே முடிவு செய்யட்டும். பதிவுக்குத் தடுப்பூசி அட்டையே சான்று. புகார் வந்தால் முதலில் கால்நடை உதவி மருத்துவரும் சுகாதார ஆய்வாளரும் சேர்ந்து போய்ப் பார்க்க வேண்டும், குறையை எழுதிக் கொடுக்க வேண்டும், சரிசெய்ய ஒரு மாதம் தர வேண்டும். அதற்குப் பிறகும் திருந்தாதவர் மீது நடவடிக்கை எடுத்தால் நாம் அவருக்காக வாதாட மாட்டோம்.

வளர்ப்பவர்களும் ஒன்றை உணர வேண்டும். தெருவில் விட்டு அடுத்தவர் தோட்டத்தைக் கிளற விடுவது பழைய ஊரில் பொறுத்துப்போன பழக்கம், இன்று அது வம்பை விலைக்கு வாங்குவது. அறுத்த கோழியின் இறகையும் குடலையும் சாக்கடையில் எறிவதை எந்த விதியும் மன்னிக்கக் கூடாது. கட்டுச்சேவல்களை வரிசையாகக் காலில் கயிறு கட்டி நிறுத்திச் சண்டைக்குப் பழக்குபவர்கள் ஏழைப் பெண்ணின் கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளவும் இந்தத் துணைவிதி இடம் தரக் கூடாது.

இன்னொரு இழப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும். உலகக் கோழிகளின் மஞ்சள் காலுக்கும் மஞ்சள் தோலுக்கும் காரணமான மரபணு, நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். நம் சிறுவிடை, பெருவிடை, மொட்டைக்கழுத்துக் கோழிகளை இத்தனை தலைமுறையாகக் காப்பாற்றியவர்கள் ஆய்வகத்தார் அல்ல, கொல்லைப்புறத்துப் பெண்கள். வெயிலையும் அரைவயிற்றுத் தீனியையும் தாங்கும் இனத்தைக் கூடைக்காரரிடம் விற்றுத் தீர்த்த பிறகு, அதை மீட்கத் திட்டம் போட்டுக் கோடிகளை ஒதுக்கும் நிலை வர வேண்டுமா?

நகரத்தோடு புதிதாகச் சேர்ந்த ஊராட்சிகளில் இதைத் தொடங்கலாம்; அங்கேதான் இன்னும் கோழியும் கொல்லையும் மிச்சமிருக்கின்றன. துணைவிதி வரும்வரை, மனுவை மட்டும் வைத்துக்கொண்டு எவருடைய கோழியையும் எடுக்கச் சொல்லக் கூடாது என்று நகராட்சி நிர்வாக இயக்குநரகம் ஆணையர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும், பல ஆயிரம் கூடுகள் பிழைக்கும். அடுத்த பிப்ரவரி முகாமுக்கு முன்பாக வார்டுவாரியாகக் கோழி வளர்க்கும் வீடுகளின் பட்டியல் தயாராக வேண்டும். அதை எடுக்க வருபவர் கையில் அபராதச் சீட்டு இருக்கக் கூடாது, தடுப்பூசி அட்டை இருக்க வேண்டும்.